தாது வருஷப் பஞ்சமும் பாட்டும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்குவோர்க்கு இந்நிலத்தின் இயல்பு ஒரு பார்வையிலேயே விளங்கிவிடும். ஒரு புறம் சிறுமலை. மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர். இடையில் பரந்து கிடக்கும் மேட்டுச் சமவெளி. தஞ்சைக்குக் காவிரி போலவும் நெல்லைக்குப் பொருநை போலவும் இதனைத் தாங்கிப் பிடிக்கும் பேராறு இல்லை. கொடகனாறு என்று ஓர் ஆறு உண்டு. அதில் மணல் காணும் நாளே மிகுதி. கம்பு, சோளம், வரகு, குதிரைவாலி ஆகிய புன்செய்த் தானியங்களை விளைவித்து, கிணற்றில் கவலை இறைத்துக் காலம் கழித்த குடிகள் இங்கு வாழ்ந்தவர்கள். வானம் பார்த்த பூமி என்று நம் முன்னோர் சொன்னதற்கு இலக்கணம் காண வேறு ஊர் போக வேண்டியதில்லை.

வானம் ஓராண்டு பொய்த்தால் இத்தகைய நிலத்துக் குடியானவன் விதைத் தானியத்தை உண்டு பிழைப்பான். அடுத்த ஆண்டும் பொய்த்தால் மாட்டை விற்பான். அதற்கும் மேல் பொய்த்தால் என்ன செய்வான் என்பதற்கு விடையாக நின்றதுதான் தாது வருஷப் பஞ்சம். தமிழ் ஆண்டுகள் அறுபதனுள் பத்தாவதாகிய தாது, 1876-ஆம் ஆண்டு சித்திரையில் பிறந்தது. அவ்வாண்டு மழை தவறியது. அடுத்து வந்த ஈசுவர ஆண்டிலும் உரிய காலத்தில் பெய்யவில்லை. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று பின்னர் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தார். திண்டுக்கல் அப்பொழுது மதுரை மாவட்டத்தில் அடங்கிய ஒரு வட்டம். 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் 1881-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் ஒப்பிட்டால், இடையில் பெருகியிருக்க வேண்டிய மாகாண மக்கள்தொகை குறைந்திருப்பதைக் காணலாம்.

இவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளவை. 1877-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் லிட்டன் பிரபு தில்லியில் தர்பார் நடத்தி விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசியாக அறிவித்ததும், அவ்விழாவின் பேரொலிக்கு நடுவே தென்னாட்டில் மக்கள் கஞ்சித் தொட்டியைத் தேடி நடந்ததும் நீங்கள் படித்திருப்பீர்கள். சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி செலவைக் குறைக்க வந்து, கல்லுடைக்கும் ஆடவனுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று வகுத்தார். அந்த அளவில் உழைக்கிற மனிதன் உயிர் தரிக்க மாட்டான் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். இந்த வழக்கையெல்லாம் வில்லியம் டிக்பி என்னும் பத்திரிகையாசிரியர் 1878-ல் இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதி வைத்தார். படிக்க வேண்டிய நூல். ஆயினும் அதனை முழுதும் படித்து முடித்த பிறகும் ஒரு கேள்வி எனக்கு எஞ்சி நின்றது. எத்தனை பேர் இறந்தனர், எத்தனை மூட்டை அரிசி வந்தது, எத்தனை ரூபாய் செலவாயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த வீட்டுக்காரர் என்ன செய்தார்? அண்ணன் தங்கைக்குச் சோறு போட்டானா? இதை எங்கே பார்ப்பது?

பாட்டில் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. வரலாறு பயிலும் மாணவர்கள் பாட்டைச் சான்றாகக் கொள்ளத் தயங்குவது எனக்குத் தெரியும். பாட்டில் மிகையுண்டு, பன்னிரண்டாண்டுப் பஞ்சம் என்று பாடினால் ஆண்டுகளை எண்ணிப் பார்க்கக் கூடாது. ஆனால் ஒரு பேரழிவுக்குப் பின் மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு நோக்கினர் என்பதைப் பாட்டு மறைப்பதில்லை. அதற்கு வேறு சான்றும் அதிகமாக இல்லை.

நல்லதங்காள் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இது தாது வருஷத்துக்கு முற்பட்ட கதைப்பாடல். வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் உண்டு. இதனை நாடகமாகக் கண்டு கண்ணீர் விடாத கிராமம் நம் பக்கத்தில் இருந்திராது. மானாமதுரையில் பஞ்சம்; ஏழு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தங்கை அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்து மடிகிறாள் தங்கை. கதை இவ்வளவே. இதைக் கொடிய அண்ணியின் கதை என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். பெண்ணைப் பழிப்பது எளிதாயிற்றே! நான் இதனைச் சிறிது வேறு வகையாகப் படிக்கிறேன். அந்த அண்ணன் வீட்டில் தானியம் இல்லையா? நிறைய இருந்தது. குதிரில் இருந்த தானியத்துக்கும் வாசலில் நின்ற குழந்தைக்கும் நடுவே இருந்தது ஒரு கதவு. பஞ்சத்தின் உண்மையான இடம் அந்தக் கதவு என்று பாட்டுக்காரன் கண்டுகொண்டான்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து அவர் கண்ட முடிவு, நாட்டில் உணவு இருக்கும்போதே மக்கள் பட்டினியால் மடிய இயலும் என்பது. உணவைப் பெறுவதற்கு ஒருவனுக்குள்ள உரிமையும் வழியும் அறுந்து போவதே பஞ்சம். உலகம் அவரைப் போற்றியது, போற்றத்தக்கதே. அவ்வறிஞர் ஏட்டில் நிறுவியதை, எழுத்தறியாத ஒருவன் உடுக்கையைத் தட்டிக்கொண்டு கோயில் திடலில் பாடியிருக்கிறான்.

இதற்குத் திண்டுக்கல்லே சாட்சி. 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை நம் ஊர் வழியாகத் திறக்கப்பெற்றது. பஞ்சம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. மாட்டு வண்டியின் காலத்தில் ஓர் ஊரின் தானியம் பெரும்பாலும் அவ்வூரின் பசிக்கே உரியதாக இருந்தது. இரயில் வந்தபின் விலை எங்கே உயர்ந்ததோ அங்கே தானியம் ஓடிற்று. துறைமுகங்களில் இறங்கிய அரிசியும் அதே வழியில்தான் வந்தது. அதனால் பிழைத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையில் காசில்லாதவன் கண் முன்னே மூட்டைகள் கடந்து சென்றன. நல்லதங்காளின் கதவு இப்பொழுது சக்கரம் பெற்றுவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

இனிக் கும்மிகளுக்கு வருவோம். தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றியும் அதன்பின் வந்த பஞ்சங்களைப் பற்றியும் பஞ்சக் கும்மி, கரிப்புக் கும்மி எனப் பல பாடல்கள் எழுந்தன. கரிப்பு என்பது பஞ்சத்துக்குக் கொங்கு நாட்டார் வழங்கிய பெயர்களுள் ஒன்று. ஈரோட்டுப் புலவர் செ. இராசு இவற்றுட் சிலவற்றைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். நம் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கங்கள் கொங்கு நாட்டோடு ஒட்டிக் கிடப்பதால் இக்கும்மிகள் நமக்கு அயலானவை அல்ல. தானியம் என்ன விலை விற்றது, யார் எதை விற்றார், யார் ஊரைவிட்டுப் போனார் என்று இவை அடுக்கிக்கொண்டே போகும். சொல்லழகு தேடுவோர்க்கு இவை சலிப்பூட்டக்கூடும். யாப்புக் குற்றம் காண விரும்பும் புலவர்க்கு நல்ல வேட்டை!

நான் வியப்பது வேறொன்று. கும்மி என்பது என்ன? பெண்கள் வட்டமாக நின்று, குனிந்து நிமிர்ந்து, கைதட்டிப் பாடி ஆடுவது. பொங்கலிலும் முளைப்பாரியிலும் பூப்பு நீராட்டிலும் ஆடுவது. மங்கல நிகழ்ச்சிகளுக்கு உரிய இந்த வடிவத்தைப் பஞ்சம் பாடுவதற்கு ஏன் எடுத்துக்கொண்டார்கள்? ஒப்பாரியை அல்லவா எடுத்திருக்க வேண்டும்? இதைப் பற்றிப் பல நாள் எண்ணியிருக்கிறேன். ஒப்பாரிக்கு ஒரு வீடு வேண்டும். நடுவில் ஒரு உடல் வேண்டும். தோளைக் கட்டிக்கொண்டு அழ நாலு பெண்கள் வேண்டும். இறந்தவருக்கு ஒரு பெயரும் வேண்டும். அண்ணா என்றோ அத்தை என்றோ அழைக்க ஒரு முறை வேண்டும். வழியோரத்தில் விழுந்தவர்க்கு இவற்றுள் எதுவும் கிட்டவில்லை. அவர்கள் எந்த ஊர், யார் மக்கள் என்பதே அங்கிருந்தவர்க்குத் தெரியாது. அவர்களுக்காக ஒருத்தி தனியே ஒப்பாரி வைக்க முடியாது. கும்மியோ ஊர்ப் பொதுவில் ஆடுவது. அதில் யாருடைய உறவு என்ற கேள்வி எழாது. கைகள் பல சேர்ந்தால்தான் தாளம் வரும். முறை சொல்லி அழ ஆளில்லாதவர்களை ஊர் முழுவதும் கூடி நினைப்பதற்கு இந்த வடிவம்தான் இடம் கொடுத்தது என்று நான் கருதுகிறேன்.

இதன் வேர் பழையது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், பசியால் வாடிய தம் குடும்பத்துக்காகக் குமணன் என்னும் வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிறார். அக்குமணனுடைய முதிர மலையைப் பழனிக்கு மேற்கிலுள்ள மலைப்பகுதியாகக் கொள்வோர் உண்டு. ஆகவே அவனையும் நம் அண்டை நாட்டான் என்று சிறிது உரிமையோடு சொல்லலாம். வீடு சேர்ந்த புலவர் மனைவியிடம் சொல்வது என்ன தெரியுமா? உன்னை விரும்பியவர்க்கும், நீ விரும்பியவர்க்கும், நம் பசித்த நாளில் கைமாற்றுக் கொடுத்தவர்க்கும், இன்னார் என்று பாராமல், என்னையும் கேளாமல் எல்லார்க்கும் கொடு என்கிறார். கைமாற்றுக்கு அவர் ஆளும் சொல் குறியெதிர்ப்பை என்பது. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் எதிர் கொடுப்பது என்று பொருள். ஒரு படி அரிசியோ ஒரு கரண்டி நெருப்போ பக்கத்து வீட்டில் வாங்குவது நம் வீடுகளிலும் நேற்றுவரை இருந்த வழக்கம்தானே! பஞ்சம் கடுமையாகும்போது முதலில் நிற்பது இந்தக் கைமாற்று. திருப்பித் தர இயலாது என்று வாங்குகிறவளுக்கும் தெரியும், கொடுக்கிறவளுக்கும் தெரியும். அதன்பின் கேட்பவளும் கேட்பதில்லை. புலவர் தம் வீட்டில் பொருள் வந்தவுடன் அந்த அறுந்த நூலைத்தான் முதலில் முடிச்சிடுகிறார்.

தாது வருஷத்தைப் பாடிய நூல்களுள் மிக விந்தையானது வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்'. சிவகங்கைப் புலவராகிய அவரது நூல் 1899-ல் வெளிவந்தது. பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. பஞ்சலட்சணம் என்றால் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணம் என்று தமிழ் படித்தவன் எண்ணுவான். பஞ்சத்தின் லட்சணம் என்று பசித்தவன் எண்ணுவான். இரண்டும் பொருந்தும். பஞ்சத்தால் வாடிய மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் சென்று முறையிடுகின்றனர். அவரோ தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்று, சிவகங்கைத் துரைசிங்க மன்னருக்கு ஒரு திருமுகம், அதாவது ஒரு கடிதம், எழுதிக் கொடுத்து அனுப்புகிறார். இதுவே நூலின் பொருள்.

சைவத் திருமுறை அறிந்தவர்களுக்கு இது ஒரு பழைய செய்தியை நினைவூட்டும். பாணபத்திரன் என்னும் இசைவாணனின் வறுமை தீரச் சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவன் அனுப்பிய திருமுகப் பாசுரம் பதினோராந் திருமுறையின் முதலில் நிற்கிறது. அங்கே இறைவன் நிறைந்தவன். தன் அடியான் ஒருவனுக்காகப் பரிந்து எழுதுகிறான். வில்லியப்ப பிள்ளையின் நூலில் கடவுளே கையை விரிக்கிறார். நகையும் துயரமும் இங்கே பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன. இதைக் கடவுள் நிந்தை என்று முகம் சுளிப்பவர் இருக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பசித்தவர்களைத் தனக்குத் தெரிந்த ஒரு மனிதனிடம் அனுப்புகிறார் இறைவர். திருமுகம் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அதுதான் விலாசம். அந்த விலாசத்தில் வசிப்பவன் ஒரு மனிதன். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: புரவலரைப் புகழ்வதும் இந்நூலின் நோக்கம். பஞ்சம் முடிந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் சென்றபின் வெளிவந்தது. ஆதலால் நடந்ததை நடந்தபடி எழுதிய குறிப்பேடாக இதனைக் கொள்ளலாகாது. இருபது ஆண்டுக்குப் பின்னும் ஆறாத ஒரு புண்ணுக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

பாட்டில் ஏறாத உறவுகளும் உண்டு. வேடசந்தூர் வட்டாரத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அவரவர் ஊரில் பஞ்சம் பற்றி வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். பாட்டு வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது சிறிதே. சப்பாத்திக்கள்ளிப் பழமும் புளியங்கொட்டையும் தின்ற செய்தி பலர் ஏட்டில் இருந்தது. 'பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா' என்னும் பழமொழி ஏறக்குறைய எல்லார் ஏட்டிலும் இருந்தது. ஒரு மாணவி மட்டும் தன் தெருவில் 'கண்டிக்காரர் வீடு' என்று ஒரு வீட்டுக்குப் பெயர் என்றும், அவ்வீட்டார் யாரும் கண்டியைக் கண்டதில்லை என்றும் எழுதியிருந்தாள். எப்பொழுதோ அந்த வீட்டிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. போனவர்களின் பெயர் இருந்தவர்களின் வீட்டுக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

கண்டிச் சீமை என்று நம்மவர் சொன்ன இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு இப்பஞ்ச ஆண்டுகளில் தென்மாவட்டங்களிலிருந்து பெருங்கூட்டம் சென்றது. கங்காணி முன்னே நடக்க, மன்னார்க் கரை இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியிலே வாந்திபேதியால் மடிந்தவர் பலர். அவர்கள் வழித்தோன்றல்களின் நாட்டுப்பாடல்களை மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டினார். ஊரில் ஒப்பாரியும் தாலாட்டும் பாடிய பெண்கள், அவ்வடிவங்களையே கடல் கடந்து கொண்டுபோய், புதிய மண்ணில் புதிய உறவுகளுக்குப் பாடினர். ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே லயத்தில் குடியிருந்தவர்கள் உறவினர் ஆயினர். பிறந்த ஊரின் பேரைப் பிள்ளைகள் கேட்டறிந்தது இப்பாடல்கள் வாயிலாகவும்தான்.

அந்த ஆண்டுகளில் வானம் பொய்த்தது தமிழ்நாட்டில் மட்டுமன்று. பசிபிக் பெருங்கடலின் நீர் இயல்புக்கு மேல் வெப்பமுற்று, உலகெங்கும் மழையின் போக்கையே மாற்றும் எல் நினோ என்னும் நிகழ்ச்சி அப்பொழுது மிகக் கடுமையாக அமைந்தது என இன்றைய அறிவியலார் கூறுகின்றனர். வட சீனத்தில் 1876 முதல் 1879 வரை பெரும்பஞ்சம். பிரேசிலின் வடகிழக்கில் 1877 முதல் அதே நிலை. ஒருவர் பெயரை மற்றவர் கேட்டறியாத மக்கள், ஒரே கடலின் வெம்மையால் ஒரே காலத்தில் பசித்தனர். சீனத்தில் தென்புறத்துச் செல்வ நகரமாகிய சூசோவின் அறத்தோர், வடபுறத்து மக்களுக்குப் பொருள் திரட்ட ஒரு சிறு படநூல் வெளியிட்டனர். இரும்பையும் கண்ணீர் விடச் செய்யும் படங்கள் என்பது அதன் பெயர்ப்பொருள். ஒவ்வொரு படத்துக்கும் அருகே செய்யுள் இருந்தது. நிலத்தை விற்றது, மரப்பட்டையைத் தின்றது, குழந்தைகளைப் பிரிந்தது என அதில் வரிசையாக வருவனவற்றை நம் பஞ்சக் கும்மிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் திடுக்கிடுவீர்கள். 1878-ல் அது இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. டிக்பியின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.

சீனத்து நூல் படத்தோடு அச்சில் நின்றுவிட்டது. நம் கும்மிகளின் நிலை அவ்வாறில்லை. சில மலிவுப் பதிப்பாகச் சந்தையில் விற்றன. பல வாய்மொழியாகவே இருந்தன. திண்டுக்கல் சமவெளியில் வழங்கியவை முழுதும் இன்னும் திரட்டப்படவில்லை. நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ உங்கள் வீட்டு முதிய பெண்மணி ஒருவர் பஞ்சப் பாட்டு ஒன்றில் நாலு அடி பாடக் கூடுமாயின், அதை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடிகளை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அதை அவர் யாரிடம் கற்றார், வட்டத்தில் எத்தனை பேர் நின்றனர், அவருக்கு வலப்பக்கம் நின்று கை தட்டியவர் யார் வீட்டுப் பெண் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.